கடைசித் தாளைத் தேடி நெட்டப்பாக்கம்

காலை 7.15. சென்னையிலிருந்து விடியற்காலை வந்து இறங்கி, புதுச்சேரி பேருந்து நிலையத்தில் விழுப்புரம் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். மதகடிப்பட்டு வரை இருபத்திரண்டு கிலோமீட்டர். மடியில் ஒரு ரஷ்ய நாவல். அதில் கடைசித் தாள் இல்லை. சென்னை நடைபாதைக் கடையில் நான் வாங்கியபோதே கிழிந்து போயிருந்தது.

எழுதியவர் தாமரா ஒசோகினா. நீர்வாரியத்தில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்து, நாற்பது வயதுக்கு மேல் எழுத வந்தவர். முதல் கதைகளில் வேற்றுக் கிரகங்களும் விண்கலங்களும் உண்டு. பிறகு அவற்றை விட்டுவிட்டார். நாளைய உலகத்தில் ரேஷன் எப்படிக் கொடுப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எப்படி நடந்துகொள்வார்கள் என்பதில்தான் அவருக்கு அக்கறை. இந்த நாவல் பல வருடம் அச்சேறாமல் தட்டச்சுப் பிரதியாகவே கைமாறியதாம். அதில் வரும் நகரத்தில் துக்கத்தைப் பங்கு போட்டுவிடுவார்கள். வீட்டில் யாராவது இறந்தால் நகர அலுவலகத்தில் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தால் போதும், அந்த வேதனை ஊரார் எல்லோருக்கும் கடுகளவாகப் பிரிந்துவிடும். மகனை இழந்த ஒருத்தி மட்டும் கையெழுத்துப் போடத் தயங்குகிறாள். படிவம் அவள் கையில் இருக்கும்போது என் பிரதி முடிந்துவிடுகிறது.

தொலைபேசித் துறையில் இருந்தபோது மாலை வகுப்பில் ரஷ்ய மொழி படித்தவன் நான். மூன்று வருடம் உட்கார்ந்து நாவலைத் தமிழாக்கினேன். கடைசித் தாள் எங்கும் கிடைக்கவில்லை. அவள் படிவத்தைக் கிழித்தெறிந்துவிட்டு நகரத்தை விட்டே போவதாக நானாக ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அது உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது. ரஷ்யாவில் மருத்துவம் படித்த ஒரு டாக்டரிடம் இதே புத்தகம் இருப்பது போன வாரம்தான் தெரிந்தது. என் மொழிபெயர்ப்பின் கடைசிப் பக்கங்கள் இன்று பிற்பகல் அச்சேற இருந்தன.

வில்லியனூரில் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள் இறங்க, கல்லூரிப் பிள்ளைகள் முண்டியடித்து ஏறினார்கள்.

8.20. மதகடிப்பட்டு. மருந்துக் கடைக்கு மேல் மாடியில் டாக்டர் ஸ்டெல்லாவின் கிளினிக். டோக்கன் வாங்கியவர்கள் படிக்கட்டு வரை நின்றார்கள். இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் என்னைக் கூப்பிட்டார்.

"புக்கு நெட்டப்பாக்கத்துல அப்பா வூட்டுல இருக்கு சார். ஆனா போன மாசம் வெள்ளை அடிக்கச்சொல்ல நெறைய பழசைக் கழிச்சிட்டாரு. நீங்களே போய்ப் பாருங்க. அவருக்கு ரஷ்யன் எழுத்து எல்லாம் ஒண்ணுதான்."

ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். இரண்டு பக்கமும் கரும்பு.

"இன்னா சார், மனை பாக்க வந்தீங்களா?" என்றார் ஓட்டுநர்.

"ஒரு புத்தகத்துல ஒரு பக்கம் படிக்கணும்."

"அதுக்கா இம்மாந்தூரம்?" என்று கண்ணாடி வழியாக என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

9.15. டாக்டரின் அப்பா அருளப்பன் வாசலிலேயே நின்றார். "பாப்பா போன் பண்ணிச்சு. ரெண்டு மூட்டை பேப்பர் கடைக்குப் போயிடுச்சு சார். மிச்சம் இதுதான்" என்று ஒரு தகரப் பெட்டியை இழுத்து வைத்தார். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து "இதுவா?" என்று கேட்டார். எலும்புகள், நரம்புகள், மறுபடி எலும்புகள். அடியிலிருந்து நீல அட்டைப் புத்தகம் ஒன்று வந்தது. அதேதான்.

"பின்னாடி அட்டையில ஒரு அம்மா போட்டோ இருந்துச்சு. பாப்பாவோட டீச்சர் போலன்னு மூட்டையில போடல" என்றார்.

நின்றபடியே கடைசித் தாளைப் படித்தேன். அவள் படிவத்தைக் கிழிக்கவும் இல்லை, கையெழுத்துப் போடவும் இல்லை. பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். சாயங்காலம் கீழ்வீட்டுக்காரி கதவைத் தட்டுகிறாள். "உன் பையன் பேர் என்ன?" என்று கேட்கிறாள். இவள் சொல்கிறாள். இருவரும் உட்கார்கிறார்கள். அவ்வளவுதான்.

என்னுடைய பக்கத்தை நினைக்கக் கூச்சமாக இருந்தது. உடனே பதிப்பாளருக்குப் போன் செய்தேன்.

"அந்தக் கடைசிப் பக்கம் நான் எழுதினது. அவங்க எழுதினது இல்ல. அச்சை நிறுத்தணும்."

"எத்தனை வரி?"

"இருபது, இருபத்தொண்ணு."

"ரெண்டு மணிக்குள்ள அனுப்புங்க. திட்டுறதை நேர்ல வெச்சிக்கலாம்."

அருளப்பன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். முடித்துப் படமெடுத்து அனுப்பியபோது மணி பதினொன்றரை. "வந்தது, மாத்தியாச்சு" என்று பதில் வந்தது. தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி நாற்காலியில் சாய்ந்தேன்.

"அப்படி இன்னாதான் சார் எழுதியிருக்கு?" என்றார் அருளப்பன். முழுக் கதையையும் சொன்னேன்.

"அந்தம்மா எழுதிக் குடுத்துச்சா, இல்லியா?"

"இல்லீங்க. கீழ்வீட்டுக்காரி வந்து பையன் பேரைக் கேக்குறா."

சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வூட்டுக்காரி தவறினப்போ ஊரே வந்துச்சு சார். நேரத்துக்குச் சாப்புடு, சாப்புடுன்னாங்க. அவ பேரை மட்டும் யாரும் எடுக்கல. எனக்குக் கஷ்டமாப் போயிடும்னு நெனச்சாங்க போல."

"அவங்க பேர் என்னங்க?"

"ரோஸ்லின்" என்றார். பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே, "ரோஸ்லின் மேரி."

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். கருவாட்டுக் குழம்பு. மனைவியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நடுநடுவே சிரித்தார். பிறகு தன் ஸ்கூட்டரிலேயே கொண்டுவந்து மதகடிப்பட்டில் விட்டார்.

2.40. திரும்பும் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. சென்னையில் எங்கள் குடியிருப்பில் மூன்று வருடமாக அந்த நகரத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கீழ்வீட்டுக்காரி எழுந்து வருவாள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. நல்லவேளை, ஒசோகினாவுக்குத் தோன்றியிருக்கிறது. இதை நினைத்தபடியே கண்ணை மூடியிருப்பேன். நடத்துநர் தோளைத் தட்டியபோது வண்டியில் வேறு யாரும் இல்லை.

"பாண்டி வந்து அஞ்சு நிமிஷம் ஆவுது சார். நல்லாத் தூங்குனீங்க, அதான் எழுப்பல."