பத்துப் புகார், எழுநூற்றைம்பது ரூபாய்

தெய்வானையைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கோபத்தோடு எதையும் எழுதாதே என்பார் என் வீட்டுக்காரர். அவர் கோயில் குருக்கள், பொறுமை அவருக்குத் தொழில். எனக்கு அப்படி ஒன்றும் கிடையாது.

எழுபத்தொன்பதில் கும்பகோணத்திலிருந்து மொரீஷியஸ் வந்தோம். ரிவியேர் தே ஸாங்கீய் கோயிலில் அவருக்குப் பூஜை, எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. முதல் நாள் வகுப்பில் குழந்தைகளுக்கு நடுவே முப்பத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். காலில் ரப்பர் பூட்ஸ், விரலெல்லாம் பச்சைக் கறை. தேவாரத்தைக் கணீரென்று பாடினாள். உன் வீடு எங்கே என்று கேட்டதற்குப் பாதி இந்தத் தீவின் பேச்சான கிரியோலில் பதில் சொன்னாள். பாட்டுக்கு அர்த்தம் தெரியாமல் எத்தனை நாள் பாடுவது என்றுதான் வகுப்புக்கு வந்தாளாம். அவள்தான் தெய்வானை.

கரும்புத் தோட்டத்தில் பிறந்தவள். இருபது வயசில், கூலியில் கை வைத்த கங்காணி, இங்கே சர்தார் என்பார்கள், அவன் காலடியில் வெட்டுக்கத்தியை வீசிவிட்டு வெளியே வந்தவள். கல்யாணம் வேண்டாம் என்றாள். ஊர் பேசியது, பேசட்டும் என்றாள். ஆற்றில் போய்ச் சேரும் ஓடை ஒன்றின் கரையைக் குத்தகைக்கு எடுத்து, கல்லைத் தானே சுமந்து, தண்ணீரைப் படி வைத்த பாத்திகளில் தேக்கி, கிரெசோன் போட்டாள். ஓடுகிற தண்ணீரிலேயே வளரும் கீரை அது. இந்தத் தீவில் அது இல்லாமல் சோறு இறங்காது. நான் முதலில் காரம் என்று ஒதுக்கினேன். "பிராமினுக்கு நாக்கு சின்னது" என்று சிரித்தாள். இப்போது வாரம் மூன்று நாள் எங்கள் வீட்டில் அதுதான் குழம்பு.

எண்பதுகளில் தீவு முழுக்கத் துணி ஆலை முளைத்தது. ஓடைக்கு மேற்புறமும் ஒரு சாய ஆலை வந்தது. ஐரோப்பாவுக்குப் போகிற ஜீன்ஸுக்கு நீலச் சாயம். ஊர்ப் பெண்களுக்கு வேலை கிடைத்தது, சம்பளம் கிடைத்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாயத் தண்ணீரை ஓடையில் திறந்துவிடச் சொன்னது யார்? அது நாலு நாள் ஓடினால் கிரெசோன் வேர் கறுத்துவிடும்.

முதலில் அதற்கு வழி இருந்தது. தண்ணீர் நீலமானால் தெய்வானை சீனாக்காரர் கடையிலிருந்து அரசாங்கச் சுகாதார ஆபீசுக்குப் போன் போடுவாள். இரண்டாம் நாளே இன்ஸ்பெக்டர் வீரசாமி மோட்டார் சைக்கிளில் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார். அவர் தலையைக் கண்டாலே ஆலைக்காரன் குழாயை மூடிவிடுவான். அடுத்த இரண்டு மாசம் தண்ணீர் பளிங்கு. இப்படியே ஐந்தாறு வருஷம் அவள் பிழைப்பு ஓடியது.

அப்புறம்தான் அந்த ஆபீசுக்குப் புத்தி முளைத்தது. புகார் விசாரிக்க இனிமேல் எழுபத்தைந்து ரூபாய் கட்டணம். இது எப்படி வந்தது என்று வீரசாமியே ஒரு நாள் பூஜைக்கு வந்தபோது சொன்னார். முந்தைய வருஷம் வந்த புகார் இருநூற்றுப் பதினாலு. ஒரு மகானுபாவன் அதை எழுபத்தைந்தால் பெருக்கினான். பதினாறாயிரத்து ஐம்பது ரூபாய். அதை அப்படியே பட்ஜெட்டில் வரவு என்று எழுதினான். வரவுதான் வருகிறதே என்று பெட்ரோலுக்கும் பரிசோதனைக்கும் கொடுத்துவந்த பணத்தை அதே அளவு வெட்டினார்கள். சும்மா வந்த புகார் காசு கேட்டால் வருமா? என் வகுப்பில் மூக்கொழுகுகிற வாண்டைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கும்! மூன்று மாசத்தில் வந்தவை ஏழே ஏழு. வீரசாமியின் மோட்டார் சைக்கிளை வாங்கி ஷெட்டில் பூட்டிவிட்டு அவரை மேஜையில் உட்கார வைத்தார்கள்.

அந்தச் சமயம் பார்த்துத் தெய்வானை வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, டிலோ ப்ளே. தண்ணி நீலம். மோ கிரெசோன் பே மோர், சாகுது அக்கா."

பஸ் பிடித்து ரோஸ் ஹில்லில் இருந்த அந்த ஆபீசுக்குப் போனோம். ஜன்னலுக்குப் பின்னால் எவெலின் என்ற பெண் ரசீது போடுகிறவள். ஆங்கிலப் படிவத்தை நான் நிரப்பினேன். தெய்வானை முந்தானையிலிருந்து எழுபத்தைந்து ரூபாயை எடுத்து வைத்தாள். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் நின்று அறுத்துக் கட்டி விற்றால் வருகிற காசு.

"எப்போது வருவார்கள்?" என்றேன்.

"தெற்குப் பக்கம் பத்துப் புகார் சேரணும் மேடம். அப்போதான் வண்டி எடுக்கப் பணம் வரும்," என்றாள் எவெலின். "இது முதலாவது."

ஊரில் யாரும் புகார் எழுதத் தயாராக இல்லை. பாதி வீட்டில் மகள் ஆலையில் வேலை செய்கிறாள். மீதி வீட்டில் எழுபத்தைந்து ரூபாய் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆமாம், எனக்குத்தான். பெரிய கெட்டிக்காரி!

"பத்து வேண்டும் என்றால் பத்தாகவே கொடுப்போம். மீதி ஒன்பதுக்குப் பேரை மட்டும் ஊரில் கடன் கேள். பணத்தை நீ கட்டு."

அந்த வருஷப் புயலில் அவள் வீட்டுக் கூரை பாதி பறந்திருந்தது. தகரம் வாங்கச் சேர்த்த பணம் வைத்திருந்தாள். அதிலிருந்து அறுநூற்றெழுபத்தைந்து ரூபாயை எண்ணிக் கொடுத்தாள். பொன்னம்மா, கோபாலன், ஒதில், என் பெயர் என்று ஒன்பது படிவத்தை நான் நிரப்பினேன். எவெலின் ஒன்பது ரசீது போட்டாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் யானையை ஊரில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அந்த யானை நான்தான்.

வண்டி வர ஆறு வாரம் ஆயிற்று. வீரசாமி ஓடையைப் பார்த்தார், கீரையைப் பார்த்தார். படிகள் அத்தனையும் கறுப்புச் சகதி. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனார். சாயம் அளவுக்கு மேல் இருப்பதாகப் பரிசோதனையில் வந்தது. ஆலைக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று போயிற்று. அவ்வளவுதான். தெய்வானை பூட்ஸைக் கழற்றிவிட்டு, எந்தக் கரும்புக் காட்டை உதறிவிட்டு வந்தாளோ அங்கேயே நாள் கூலிக்குப் போனாள். மழை பெய்தால் அவள் வீட்டுக்குள் பாத்திரம் வைக்க வேண்டியிருந்தது.

குதிரை கீழே தள்ளியது போதாதென்று குழியும் பறித்ததாம். அடுத்த ஜூன் மாசம் தண்ணீர் மறுபடி நீலமானது. சகதியை வாரிச் சுத்தம் செய்த ஒரே ஒரு படியில் அவள் மறுபடி நட்டிருந்தாள். ரோஸ் ஹில் போனோம். ஜன்னலில் புது அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஜூலை முதல் கட்டணம் நூற்றைம்பது. காரணமும் போட்டிருந்தான் புண்ணியவான்: கட்டணத்தை மக்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், தெற்கில் ஒரே கிராமத்திலிருந்து பத்துப் பேர் விரும்பிக் கட்டியிருக்கிறார்கள்.

படித்து அவளுக்குச் சொன்னேன். தெய்வானை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு எவெலினிடம் கிரியோலில் கத்தினாள். "அந்தப் பத்துப் பேரும் நான் ஒருத்திதான்!"

எவெலின் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியும். ரசீது நான்தானே போட்டேன். மேலே பத்து என்கிற எண் மட்டும்தான் போகும்."

"சரி, மேலேயே போறேன்," என்று தெய்வானை படி ஏறிவிட்டாள். நானும் பின்னால் ஓடினேன். மேலே ஜான்-பியேர் என்ற அதிகாரி, டை கட்டிய மனுஷன், மரியாதையாகவே உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கூரைப் பணம், கீரை, பத்துப் பேர், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் பேனாவை மூடினார்.

"பத்துப் பேரானால் என்ன, ஒருத்தரானால் என்ன அம்மா? உங்களால் கட்ட முடிந்ததா இல்லையா?"

சர்தாருக்கே பதில் சொன்னவள், அன்றைக்குக் கதவைப் பார்த்துத் திரும்பினாள். நான் தமிழில் திட்டினேன். என்ன திட்டினேன் என்று குருக்கள் வீட்டுப் பெண் இங்கே எழுத முடியாது. அந்த ஆளுக்குப் புரியவில்லை, புன்னகைத்தார்.

பஸ்ஸில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தாள். அப்புறம் கேட்டாள்: "அக்கா, நாம கட்டாம இருந்திருந்தா?"

"கட்டாமல் இருந்தால் தெற்கில் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருப்பான், பாவி."

"அப்போ கட்டினாலும் அவன் கணக்கு சரி. கட்டலன்னாலும் சரி."

"ஆமாம்டி."

அந்த ஜூலைக்குப் பிறகு எங்கள் ஊரிலிருந்து ஒரு புகாரும் போகவில்லை.