ஒரு வாளிக்கு மேல் இல்லை

வாளிக்குள் முழங்கையை விட்டுப் பார்க்கிறார். பிறகு அதே முழங்கையை மீன்தொட்டிக்குள் விடுகிறார். இரண்டு தண்ணீரும் ஒரே சூடாகத் தோன்றும்வரை அடுத்த வேலை ஓடாது. வாளியில் இருப்பது முந்தின நாளே பிடித்து, குளோரின் முறிக்கும் சொட்டு மருந்து விட்டு வைத்த குழாய்த் தண்ணீர். பத்து லிட்டர். ஒன்றுவிட்டு ஒரு நாள், காலை ஆறு மணிக்கு இது நடக்கும். ஏழு மணிக்கு முதல் ஆள் அவரிடம் கார் ஓட்டக் கற்க வந்துவிடுவார்.

தெருவில் எல்லோருக்கும் அவர் 'கிளட்ச் அக்கா'. எதிர்வீட்டுக்காரனான நானும் அவரிடம்தான் வண்டி படித்தேன். எதிர்வீடு என்பதற்காகத் திட்டு ஒன்றும் குறையவில்லை. இருபது வருடம் பக்கத்து இருக்கையில் இருந்து அடுத்தவர் தப்பைக் காலால் திருத்திய பழக்கத்தில், சோபாவில் உட்கார்ந்து பேசும்போதும் வலது கால் தரையை அழுத்தும். யாராவது கதையை வேகமாகச் சொன்னால் இன்னும் கொஞ்சம் அழுத்தும்.

தொட்டி மாமனாருடையது. நூறு லிட்டர், நான்கு தங்கமீன்கள். பக்கவாதத்தில் பேச்சும் வலது கையும் காலும் போன பிறகு பெரியவருக்கு மிஞ்சிய ஒரே வேலை மீனுக்குத் தீனி போடுவது. போட்டது மறந்துபோகும். மறுபடி போடுவார்.

அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று அக்காவின் கணவர் புதிதாக இரண்டு மீன் வாங்கித் தொட்டியில் விட்டார். இரண்டே நாளில் இரண்டும் மிதந்தன. தண்ணீரோ கண்ணாடி மாதிரி இருந்தது. அக்கா சோதனைக் குப்பி வாங்கி வந்து, தொட்டித் தண்ணீரில் மருந்து விட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் காத்திருந்தார். மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் பீட்ரூட் சாறாகச் சிவந்தது. தின்னாத தீனியும் மீன் கழிவும் மக்கி, கண்ணுக்குத் தெரியாத நைட்ரேட்டாகச் சேர்ந்திருந்தது. லிட்டருக்கு இருபது மில்லிகிராமைத் தாண்டாமல் இருந்தால் நல்லது. குப்பியோடு வந்த நிற அட்டை நூற்று அறுபதைக் காட்டியது. பழைய மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியிருந்தன. புதியவை தாங்கவில்லை.

கணவர் அன்றே மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிடக் கிளம்பினார். அக்கா குறுக்கே நின்றார்.

"வேகமா போற வண்டிய ஒரேயடியா நிறுத்தினா உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் அடி. இதுங்களும் அப்படித்தான். ஒரு வாளிக்கு மேல மாத்த விட மாட்டேன்."

அன்றிலிருந்து குழாய் போட்டு அடியிலிருக்கும் அழுக்கோடு பத்து லிட்டர் உறிஞ்சி எடுப்பார். அடியில் பரப்பிய கூழாங்கல்லில் ஒரு தடவைக்குக் கால்வாசி இடத்தைத்தான் சுத்தம் செய்வார். வடிகட்டிப் பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுவார். குழாயடியில் கழுவினால் கழிவைத் தின்னும் நல்ல கிருமிகள் செத்துவிடுமாம்.

தீனிதான் பெரும்பாடு. மாத்திரை டப்பா ஒன்றை வாங்கி, ஏழு அறையிலும் ஏழு நாள் தீனியை நிரப்பி மாமனார் மடியில் வைத்தார். ஒரு நாளைக்கு ஓர் அறை; அதை ஒரே தடவையில் போட்டாலும் பத்து தடவையாகப் போட்டாலும் அவர் இஷ்டம், தீர்ந்தால் தீர்ந்ததுதான் என்றார். பெரியவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் திரும்பவே இல்லை.

"எனக்கு மட்டும் வலிக்காதா? ஆனா நான் இறங்கி வந்தா அந்த நாலும் போயிடும். அப்புறம் மாமா எதப் பாத்துட்டு உக்காந்திருப்பாரு?" என்று அக்கா என்னிடம் கேட்டார். அன்றைக்குப் பாடத்தில் எனக்கு இரண்டு பங்கு திட்டு.

இரண்டாவது வாரக் கடைசியில் நைட்ரேட் எண்பதுக்கு இறங்கியது. மூன்றாவது வாரம் குப்பி மறுபடி பீட்ரூட்டாகச் சிவந்தது. குழாய்த் தண்ணீரைச் சோதித்தார்; சுத்த மஞ்சள். யோசித்துக்கொண்டே மாமனார் உட்காரும் மெத்தையைத் தட்டிப் போட்டபோது, அடியில் பழைய தீனிப் பொட்டலம்.

அக்கா சத்தம் போடவில்லை. குழாய்த் தண்ணீர்க் குப்பியையும் தொட்டித் தண்ணீர்க் குப்பியையும் மாமனார் முன்னால் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். பெரியவர் வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மீனுக்குப் பசி இல்ல மாமா. உங்களுக்குத்தான் கை சும்மா இருக்க மாட்டேங்குது. வேற வேலை தரேன், செய்றீங்களா?"

புதுத் தண்ணீரை ஊற்றுவது அவர் வேலையானது. இடது கையால் ஒவ்வொரு டம்ளராக, நடுங்கி நடுங்கி, ஒரு வாளிக்கு அரைமணி நேரம். அவ்வளவு மெதுவாக ஊற்ற வேறு யாராலும் முடியாது. மீன்களுக்கும் அதுதான் நல்லது.

ஏழாவது வாரம், ஞாயிறு காலை, குப்பி இளம் ஆரஞ்சில் நின்றுவிட்டது. இருபது. அக்கா அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மாமனாருக்குக் காட்டினார். நான்கு மீனும் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. பெரியவர் நல்ல காலால் பக்கத்து முக்காலியைத் தன் அருகே இழுத்துத் தொட்டிக்கு எதிரே போட்டார்.

கீழே காரருகே பாடத்துக்கு ஆள் வந்து நிற்பதாக, ஜன்னலோரம் நின்ற நான்தான் சொன்னேன். அக்கா கையிலிருந்த கார் சாவியை மேசையில் வைத்துவிட்டு, முக்காலியில் உட்கார்ந்தார்.