பின் சீட்டுச் சத்தம்

ஞானசிங்கின் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. இராஜாக்கமங்கலம் சந்திப்பில் பழைய வெள்ளை அம்பாசிடர் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறவன். கல்யாண வீட்டுக்காரர்கள் ஏறினாலும், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஏறினாலும் சிரிக்க வைத்துத்தான் இறக்கிவிடுவான். அதற்காகவே அவனைத் தேடிக் கூப்பிடுகிறவர்கள் உண்டு. மனசில் கெடுதல் நினைக்காதவன் சொல்வதில் கெடுதல் இருக்காது என்பது அவன் எண்ணம். கேலிக்காரர்கள் எல்லாருக்கும் இந்த எண்ணம் உண்டு. அவர்களை ராத்திரி நிம்மதியாகத் தூங்க வைப்பதே அதுதான்.

அவனுடைய நிலையான சவாரி யேசுரத்தினம். ஒரு காலத்தில் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் பண்ணியவர், நல்ல கனத்த உடம்பு. சிறுநீரகம் பழுதாகி, இப்போது வாரம் இரண்டு தடவை நாகர்கோவிலுக்கு டயாலிசிஸுக்குப் போகிறார். காலையில் அவரும் மனைவி தேவகனியும் பின் சீட்டில் ஏறுவார்கள். நடுவில் சாப்பாட்டுக் கூடை இருக்கும். அவருக்கு நேரம் தப்பக் கூடாது என்று ஞானசிங் பெரிய ரோட்டை விட்டுவிட்டுக் குளத்தங்கரைக் குறுக்குவழியில் போவான். பள்ளமும் மேடுமான வழி. வேறு எந்தச் சவாரிக்கும் அந்த வழியில் அவன் வண்டியை விடுவதில்லை.

ஒரு மாதமாக வண்டியின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். கடக், கடக் என்று யாரோ உள்ளிருந்து முட்டுவதுபோல. யேசுரத்தினம் ஏறும் நாட்களில் மட்டும் கேட்கும். மற்ற நாட்களில் வண்டி பச்சைப்பிள்ளை மாதிரி சாதுவாக ஓடும்.

"மாமா, நீங்க ஏறினாத்தான் நம்ம வண்டிக்கு வாய் வருது" என்றான் ஞானசிங்.

யேசுரத்தினம் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்ததும் இவனுக்கு ருசி கண்டுவிட்டது. டீக்கடை முன்னால் அவரை இறக்கிவிட்டு, "அப்பாடா, இனி வண்டி மூச்சு விடும்" என்றான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் முற்றத்தில் ஆட்கள் கூடி நிற்கும்போது, "மாமாவுக்குன்னு லாரி ஸ்பிரிங்கு வாங்கிப் போடணும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். யேசுரத்தினமும் சிரித்தார். ஆனால் சட்டையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

மெக்கானிக் சுயம்புராஜிடம் வண்டியைக் கொண்டு போனான். சுயம்புராஜ் அய்யாவழிக்காரர். கை முழுக்கக் கரி இருந்தாலும் நெற்றியில் இட்ட வெள்ளை நாமம் மட்டும் அழியாது. ஷாக் அப்சார்பரைக் கழற்றி மாட்டினார். ஸ்பிரிங் புஷ்ஷை மாற்றினார். சைலன்சரைக் கம்பி போட்டு இறுக்கினார். பெரிய ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். சத்தம் இல்லை. மறுபடி யேசுரத்தினம் ஏறிய அன்று கடக், கடக்.

"பாரம்தான் மக்கா. வயசான வண்டியில்லா" என்று அவரும் சொல்லிவிட்டார். ஞானசிங் அதையும் கொண்டுபோய் யேசுரத்தினத்திடம் சிரித்துக்கொண்டே ஒப்பித்தான்.

அதற்குப் பிறகு தேவகனி வருவது நின்றது. மூட்டுவலி என்றார் யேசுரத்தினம். சாப்பாட்டுக் கூடையும் வரவில்லை. பசியில்லை என்றார். பள்ளம் வரும்போதெல்லாம் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு உடம்பைக் கொஞ்சம் மேலே தூக்கிக்கொள்வார். ஞானசிங் கண்ணாடியில் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, "மெலிஞ்சிட்டீங்களே மாமா, வண்டிக்கு நல்லகாலம்" என்றான்.

சத்தம் மட்டும் போகவில்லை. கடைசியில் சுயம்புராஜுக்கே ரோஷம் வந்துவிட்டது. ஒரு நாள் மத்தியானம், "அவரைக் கொண்டு போற வழியிலேயே ஓட்டும், பாப்போம்" என்று சொல்லி, டிக்கியைத் திறந்து உள்ளே ஏறிப் படுத்துக்கொண்டார். மூடியைக் கயிறு போட்டுப் பாதி கட்டினான் ஞானசிங். பின் சீட்டில் ஆளே இல்லை. குளத்தங்கரையில் முதல் பள்ளம் வந்தது.

கடக்.

ஞானசிங் திரும்பிக் காலி சீட்டைப் பார்த்தான். அடுத்த பள்ளத்தில் மறுபடி கடக். "நிறுத்தும் வே!" என்று டிக்கிக்குள்ளிருந்து கத்தினார் சுயம்புராஜ். சக்கரத்துக்கு மேலே, தகட்டுக்கும் சீட்டின் முதுகுக்கும் நடுவிலுள்ள பொந்துக்குள் கையைத் தோள்வரை விட்டு, ஒரு தேங்காயை இழுத்து எடுத்தார்.

சர்ச்சில் விளைச்சலைப் படைக்கும் அறுப்பின் பண்டிகைத் தேங்காய். காணிக்கையாக வந்த காய், குலை, கோழி எல்லாம் சர்ச் முற்றத்தில் ஏலம் போன அன்று, ஏலம் எடுத்தவர்களுடைய வீடுகளுக்குச் சாக்குச் சாக்காகக் கொண்டுபோய் இறக்கியவன் ஞானசிங்தான். ஒன்று உருண்டு பொந்துக்குள் விழுந்திருக்கிறது. நல்ல ரோட்டில் சிக்கிக்கொண்டு சும்மா கிடக்கும். பள்ளத்தில் மட்டும் குதித்து முட்டும்.

ஞானசிங்குக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுயம்புராஜைப் பட்டறையில் இறக்கிவிட்டு, இதை மாமாவிடம் எப்படிச் சொல்லிச் சிரிக்க வைப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே அவர் வீட்டுக்கு வண்டியை விட்டான்.

வாசலில் தேவகனி பையும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. காலையில் யேசுரத்தினம் மயங்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். இவள் மாற்றுத்துணி எடுக்க வந்திருக்கிறாள்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே மாமி?"

"நான் சொன்னேன். கண்ணு முழிச்சதும், 'சிங்குக்க வண்டி வேண்டாம், அது என்னைத் தாங்காது'ன்னுட்டாரு." அவள் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. "கொஞ்ச நாளா சரியா ஒண்ணும் தின்னதே இல்ல மக்கா. நானும் கூட ஏறினா பாரம்னு என்னையும் வர விடல்ல. இன்னைக்கு டாக்டர் நல்லா ஏசினாரு. 'எனக்க உடம்பால அவனுக்க பிழைப்பு கெட்டுப் போவக் கூடாது ஏட்டி'ன்னு என்கிட்ட சொல்லுதாரு."

அவர் சட்டையை இழுத்து வயிற்றை மூடியது, பள்ளத்தில் எழும்பி உட்கார்ந்தது, கூடை வராமல் போனது, எல்லாம் தனித்தனியாக ஞானசிங்கின் கண்ணில் வந்து நின்றன. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேலி சொல்லியிருக்கிறான். தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. தேவகனியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அவன் வாய் திறக்கவில்லை.

யேசுரத்தினம் கட்டிலில் கிடந்தார். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. ஞானசிங் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"மாமா, சத்தம் கண்டுபிடிச்சாச்சு. டிக்கியில ஒரு தேங்காய் கெடந்திருக்கு. பின் சீட்டுல ஆளே இல்லாம இன்னைக்கும் சத்தம் வந்துது. உங்களுக்க பாரம் இல்ல மாமா. பள்ளத்தால வந்த சத்தத்த உங்க தலையில போட்டது நான். எனக்க நாக்கு அழுகிப் போவணும்."

யேசுரத்தினம் கட்டிலில் நிமிர்ந்து உட்காரப் பார்த்தார்.

"அப்போ நான் இல்லியா?"

"இல்ல மாமா."

"வண்டிக்கு ஒண்ணும் ஆவலியா?"

"ஒண்ணும் ஆவல."

அவர் முகம் தெளிந்தது. தேவகனி பக்கம் திரும்பி, "ஏட்டி, தின்ன என்னமும் கொண்டு வந்தியா?" என்றார். அவள் பையிலிருந்து பொதியை அவிழ்த்தாள். இட்லியைப் பிய்த்து, சட்னியைத் தொடக்கூடப் பொறுக்காமல், அவர் அள்ளித் தின்றார். யாராவது நாலு வார்த்தை ஏசினால் தேவலை என்று ஞானசிங் காத்து நின்றான். யாரும் ஏசவில்லை. பாதியில் நிறுத்தி யேசுரத்தினம் தலையைத் தூக்கினார்.

"நீ என்னமும் தின்னியா மக்கா?"

ஞானசிங் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.