பேரும் நாளும் சொல்லி ஒரு நமஸ்காரம்

என் கொழுந்தன் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம் கடந்திருந்தது. இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் நடந்தது இது. சாலை என்று பேர்கொண்ட கடைத்தெருவில் எங்கள் பருப்புக் கடைக்கு மேலேயே கூட்டுக் குடும்பமாக இருந்தோம். அவளுக்குத் தாய் இல்லை. அதனால் பேறுகாலம் பார்ப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பாயிற்று. என் மாமியார் அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. இலைகள் போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரில் குளியல், வேளா வேளைக்கு மருந்து, பூண்டு, நல்லெண்ணெய் எல்லாம் நடந்தன. அவளோ நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனாள். பிள்ளை அழுதால் எடுப்பாள், பால் கொடுப்பாள், பிறகு யாரோ பார்த்துக்கொள்ளச் சொன்ன பொருளைத் திருப்பித் தருவதுபோல என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள்.

ஒரு மத்தியானம் துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னாள்: "அக்கா, இந்தப் பிள்ளைக்கு நான் வேண்டாம். நான் இல்லைன்னா நீங்க நல்லா வளத்துருவீங்க."

அழாமல் சொன்னாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் மகன் பிறந்தபோது நானும் அதே கட்டிலில் அதே சுவரைப் பார்த்துக் கிடந்தவள்தான். அது ஒரு நோய், அதற்கு வைத்தியம் உண்டு என்பதே பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. என்னை விட்டு அது தானாக விலகியது என் அதிர்ஷ்டம். இவளை அதிர்ஷ்டத்தை நம்பி விட நான் தயாராக இல்லை.

அன்று மாலையே மாமியாரிடம் போய் நின்றேன். "அத்தே, இவளை டாக்டர்ட்ட காட்டணும். மனசுக்குப் பாக்குற டாக்டர்."

"எங்க, ஊளம்பாறைக்கா?" என்றார். மனநல ஆஸ்பத்திரி இருக்கிற இடம் அது. இந்த ஊரில் ஒருவரை வைய அந்தப் பேர் ஒன்றே போதும். "தொண்ணூறு நாள் கழியாம பெத்தவ படி இறங்கக் கூடாது, கேட்டியா. பச்சை உடம்பு. கழிஞ்சா எல்லாம் சரியாவும்."

என் கணவர் அம்மா பேச்சைத் தட்டாத உத்தமர். கொழுந்தன் மட்டும் என்னைப் பார்த்தான். அவனுக்கும் கண் குழிந்து போயிருந்தது. அவளைத் தனியே விடுவதில்லை என்று நானும் அவனும் முறை போட்டுக்கொண்டோம். ஆனால் காவல் இருப்பது வைத்தியம் ஆகாதே.

அப்போது ஆரியசாலையில் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில், முகூர்த்தம் இல்லாத காலைகளில் பெண்களுக்கு யோகா சொல்லிக்கொடுத்து வந்தேன். இடுப்பு வலிக்காக அங்கே வந்துகொண்டிருந்தவர் ஒரு மனநல டாக்டர். விருந்தாளிபோல அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். மாமியார் ஆளை ஒரே பார்வையில் எடை போட்டு, நல்ல காப்பியாகக் கொடுத்து, மாடிப்படியை மறித்தாற்போல் உட்கார்ந்து, அப்படியே வழியனுப்பி வைத்தார்.

தெருவில் இறங்கியதும் டாக்டர் தன் மலையாளத் தமிழில் சொன்னார்: "இதுபோல எத்தனை பேர்! வீட்டுக்குள்ள விட மாட்டாங்க, ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டாங்க. நடுவுல ஒரு இடம் வேணும் சேச்சி. அப்பன்மாருக்கும் வேணும், அவங்களும் இதுல உடைஞ்சு போறாங்க."

நடுவில் ஓர் இடம் என்றதும் எனக்கு மண்டபத்தின் மணப்பெண் அறை நினைவுக்கு வந்தது. பெரிய கண்ணாடி, இரண்டு நாற்காலி, தாழ்ப்பாள் போடக் கதவு. வாரம் ஒரு நாள் டாக்டர் காசு வாங்காமலே வந்து உட்காருவதாகச் சொன்னார். அறை வாடகை, மருந்து, இவர்களோடு பேசுவதற்கென்று படித்த ஒரு பெண்ணின் சம்பளம், வர வழியில்லாதவர்களுக்கு ஆட்டோக் கூலி, இவற்றுக்குத்தான் பணம் வேண்டும். என்னிடம் பணம் இல்லை, உடம்பு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வகுப்புப் பெண்கள் சூரிய நமஸ்காரம் செய்வது, ஒவ்வொரு நமஸ்காரத்துக்கும் சாலை வியாபாரிகளில் ஒருவர் பணம் தருவது என்று முடிவு செய்தேன்.

கடை கடையாக ஏறி இறங்கினேன். யோகா என்றதும் சிரித்த முகத்தோடு ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள். பிள்ளை பெற்ற பிறகு மனசு உடைந்து போகிறவர்களுக்காக என்றதும் முகம் சுருங்கிவிடும். ஒரு ஜவுளிக்கடைக்காரர் வெளிப்படையாகவே சொன்னார்: "அக்கா, அன்னதானம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இப்பவே தாறேன். இந்த மெண்டல் விஷயத்துக்கு எனக்க கடைப் பேரு வேண்டாம்."

"அன்னதானம்னு வாங்கினா சோறுதான் போடணும் அண்ணாச்சி. நான் சோறு போட வரலை," என்று இறங்கிவிட்டேன்.

கொஞ்சம் வளைந்து கொடு என்று கணவர்கூடச் சொன்னார். முடியாது என்றேன். மூடி மூடி வைத்துத்தான் இது இவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது. வைத்தியத்தையும் மூடி வைத்துச் செய்வதற்கு நான் எதற்கு? கால் ஓய்ந்தாலும் பரவாயில்லை, சொல்லியே வாங்குவேன் என்று இருந்தேன்.

மிளகாய் வற்றல் மொத்தக்கடை அண்ணாச்சியிடம் தும்மிக்கொண்டே பேசினேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, "எனக்க வீட்டுக்காரி பேருல ஒண்ணு செய்யுங்க. நாள் பூராடம்," என்றார்.

நாள் என்றால் இங்கே நட்சத்திரம். இந்த ஊர்க் கோயில்களில் எந்த வழிபாடு செய்தாலும் பேரும் நாளும் சொல்ல வேண்டும். அண்ணாச்சி இதையும் ஒரு வழிபாடாக்கிவிட்டார்.

"இது கோயில் காரியம் இல்லை அண்ணாச்சி," என்றேன்.

"அதனால என்ன? பேரும் நாளும் சொல்லிச் செய்தா அவளுக்குள்ளது ஆகும் அல்லே?" தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "மூத்தவ பிறந்தப்போ இவளும் இப்படித்தான் ரொம்ப நாள் கிடந்தா. அப்போ நான் ஒண்ணும் செய்யல்லே."

நான் நோட்டைத் திறந்து பேரையும் நாளையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்த கடைக்காரர் தன் மனைவிக்கும் அம்மாவுக்கும் நாள் சொன்னார். அதற்கடுத்தவர் மகளையும் சேர்த்துக்கொண்டார். இரும்புக்கடைக்காரர் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். தலையைச் சொறிந்துகொண்டு, "எங்களுக்கு நாள் கிடையாது அக்கா. பேரைச் சொன்னாப் போதும், ஆண்டவருக்கு ஆளைத் தெரியும்," என்றார். எதற்கான பணம் என்று ஒவ்வொருவரிடமும் நான் திரும்பவும் சொன்னேன். தெரியும் என்றார்கள். நம் வீட்டுப் பெண்ணின் பேரைச் சொல்லி ஒரு காரியம் நடக்கிறது என்றதும் அதில் வெட்கம் போய் மரியாதை வந்துவிட்டது. இது எனக்கு முன்னாலேயே தோன்றவில்லையே என்று என்மேல் எரிச்சல்கூட வந்தது.

செய்தி மாமியார் காதுக்கு வர எத்தனை நேரம்? "நம்ம வீட்டு நாள் ஒண்ணும் அங்க கேக்கக் கூடாது," என்று குதித்தார். "அவங்களுக்கெல்லாம் அது பழைய கதை. நமக்கு இப்போ மாடியில கிடக்கு. சாலை முழுக்கத் தெரிஞ்சா இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு யாரு மாப்பிள்ளை கொடுப்பா?"

"அது இன்னும் குப்புறவே விழலை அத்தே."

"நீ வாயாடாதே."

"சரி, பேர் கூப்பிடலை. ஆனா தொண்ணூறு முடியுற அன்னைக்குக் காலையில வாசல்ல ஆட்டோ நிக்கும். நீங்க மறிச்சாலும் கூட்டிட்டுப் போவேன்," என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அதுவரை அவள் தாங்குவாளா என்பதுதான் என் பயம். மாடிக்குப் போய் அவளிடமும் சொல்லிவைத்தேன்.

"அங்க போனா எனக்க பிள்ளையை வாங்கிடுவாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"யாரு வாங்குறாங்கன்னு நான் பாக்குறேன்," என்றேன். பிள்ளை வேண்டும் என்று அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அதைப் பிடித்துக்கொண்டுதான் மீதி நாட்களை ஓட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. பேர் கூப்பிடுகிற வேலை என் கணவருக்கு. லாரிக்காரர்களைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை, மைக் வேண்டாம். அவர் பேரும் நாளும் சொல்ல, ஒரு நமஸ்காரம் நடக்கும். வகுப்புப் பெண்கள் முறை வைத்துச் செய்தார்கள். நான் மட்டும் எல்லாப் பேருக்கும் செய்வது என்று உறுதி எடுத்திருந்தேன். பேர் சொல்லப்பட்ட பெண் கூட்டத்தில் எழுந்து கைகூப்பினாள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். போகப் போக என் தோள் எரிந்தது, இடுப்பு என்னுடையதுதானா என்று சந்தேகம் வந்தது. உட்காரச் சொன்னவர்களை முறைத்தேன்.

ஆனால் உள்ளுக்குள் ஒரு கோபம் ஏறிக்கொண்டிருந்தது. மணப்பெண் அறையில் டாக்டர் காலையிலிருந்து காத்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது. கைப்பிள்ளையோடு வந்திருந்த பெண்கள் இருந்தார்கள். ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை. பேர் சொன்னால் எழுந்து நிற்கிறார்கள், அந்த வாசலை மட்டும் தாண்டக் கூச்சம். இத்தனை பணமும் சேர்ந்து யாருமே உள்ளே போகாவிட்டால் நான் ஆடியதெல்லாம் வெறும் கூத்து.

அந்த நேரத்தில் வீட்டில் நடந்ததைக் கொழுந்தன் பிறகு சொன்னான். மிளகாய்க்கடை அண்ணாச்சியின் மனைவி பட்டுப்புடவையில் எங்கள் கடை வாசலில் நின்று, "இன்னும் கிளம்பலையா? உங்க வீட்டுப் பேரு எப்போ வருது?" என்று மாமியாரைக் கேட்டிருக்கிறார். எங்களுக்கு இல்லை என்றதும், "இல்லையா? நாங்க மகமாரையும் சேத்து மூணு பேருக்குச் செய்யுதோம்," என்றுவிட்டுப் போயிருக்கிறார். மாமியார் கூடத்தில் இரண்டு நடை நடந்தாராம். "அவளுக்கு மூணு, நமக்கு ஒண்ணுமில்லையா? நடத்துறது எனக்க மருமக அல்லே?" என்று கொழுந்தனிடம் பாய்ந்தாராம். வழிபாட்டுக்கு ஆள் நேரில் நின்றால்தான் நிறைவு என்பது அவர் கணக்கு. தொண்ணூறும் மறந்தது, பச்சை உடம்பும் மறந்தது. அவள் காதை மறைத்துத் துண்டைச் சுற்றிக் கட்டி, அவளையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். கணவரின் குரல் ஒரு கணம் தடுமாறியது. பிறகு எங்கள் வீட்டுப் பெண்ணின் பேரைச் சொல்லி, "அவிட்டம்," என்றது.

திரும்பிப் பார்த்தேன். சுவர் ஓரமாகத் துண்டு கட்டிய தலையோடு, பிள்ளையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு அவள் நின்றாள். பக்கத்தில் மாமியார், கோயில் நடை திறக்கக் காத்திருப்பவர்போலக் கைகூப்பியிருந்தார். அந்த ஒரு நமஸ்காரத்தை மட்டும் நான் அவசரப்படாமல் செய்தேன். நெஞ்சு தரையில் பட்டபோது அழுகை வந்துவிட்டது. வியர்வையோடு வியர்வையாகத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

மாமியார் நேரே என்னிடம் வந்தார். "பிரசாதம் எங்க?"

கூட்டம் முழுவதும் எங்களைப் பார்த்தது. அந்த அறையில் தருகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவரே அவளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போயிருப்பார். எனக்கு நாக்கு வளையவில்லை.

"பிரசாதம் இல்லை அத்தே. அந்த ரூம்ல டாக்டர் இருக்காங்க. அதுக்காகத்தான் இவ்வளவும்."

இதோ வெடிக்கப்போகிறது என்று நினைத்தேன். அவர் கதவைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "பிள்ளையைத் தா. நீ போயிட்டு வா மக்களே."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் உள்ளே போனாள், கதவு சாத்திக்கொண்டது. மாமியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அந்த வாசலிலேயே போட்டுப் பிள்ளையோடு உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் கைப்பிள்ளைக்காரி ஒருத்தி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றாள். "உள்ள ஆளிருக்கு. இரி, இப்போ வந்துரும்," என்று அவளுக்கும் நாற்காலி காட்டினார்.

பேரெல்லாம் சொல்லி முடிந்தது. கூட்டம் கலையத் தொடங்கியது. கதவு திறக்கவில்லை. உள்ளே விசும்பல் சத்தம் கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை, போய்க் கதவைத் தட்டக் கையெடுத்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டாதே. அவ பேசட்டும்," என்றார். "எனக்க காலத்துல என்கிட்ட யாரும் கேக்கல்லே."