நேராக வரைந்த வாய்

திருப்பதியில் கல்யாண வரவேற்புக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, அங்கேயே படம் வரைந்து கையில் கொடுப்பது என் தொழில். ஒரு முகத்துக்கு ஐந்து நிமிடம். பானிபூரிக் கடைக்கும் மெஹந்தி மேசைக்கும் நடுவில் எனக்கு இடம் போட்டிருப்பார்கள்.

நான் ஓவியம் படித்தவள். படிக்கிற காலத்தில் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, காத்திருக்கிறவர்களைக் கரித்துண்டால் வரைவேன். பஸ் வந்ததும் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். அந்தப் பாதி முகங்களை வைத்து ஒருதரம் கண்காட்சிகூட நடத்தினேன். வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். யாரும் ஒன்றையும் வாங்கவில்லை. முன்பின் தெரியாத ஒரு கிழவரின் சுருக்கங்களைக் கூடத்தில் மாட்டிவைக்க யாருக்குத்தான் மனசு வரும்?

பிறகு, கல்யாண ஏற்பாடுகள் செய்துகொடுக்கும் ஒருவர் கூப்பிட்டார். முதல் நாள் நான் என் வழக்கப்படிதான் வரைந்தேன். பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மா தன் படத்தை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஏற்பாட்டாளர் கோபப்படவில்லை.

“மேடம், மீரு பாகா வேஸ்தாரு, நல்லா வரையறீங்க, ஒத்துக்கிறேன். ஆனா இது கல்யாணம். வந்தவங்க போட்டோ புடிச்சி ஸ்டேட்டஸ்ல போட்டுக்கிற மாதிரி இருக்கணும். எல்லார் மூஞ்சிலயும் ஸ்மைல் வேணும்.”

கற்றுக்கொண்டேன். கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கு, தாடையை இழுத்துக் கட்டு, கழுத்து மடிப்பை விட்டுவிடு. எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. சில மாதங்களில் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. ஆள் உட்கார்ந்ததும் கை தானாக ஓடியது.

வீட்டில் “படம் போடுற ப்ரோக்ராம்” என்று மட்டும் சொல்லிவைத்திருந்தேன். ஏற்பாட்டாளர் கொடுத்த ரோஸ் நிற டீ-ஷர்ட்டும் தலையில் இறகு வைத்த பட்டையுமாக உட்கார்ந்திருப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் வேண்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவேன்.

நைனா, என் அப்பா, மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சொல்லவரும் கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் ஒரு காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓரமாக வழிந்தது, ஒரு கண் மூடவில்லை. வேலூரில் காட்டினோம். முக நரம்பில் கோளாறு என்றார்கள். கண் சரியானது. வாய் மட்டும் ஒரு பக்கமாக இழுத்தபடியே நின்றுவிட்டது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை என்றுதான் நினைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கோயிலில் எப்போதும்போல முன்வரிசையில் நின்று கீர்த்தனை பாடினார்.

அந்தக் கல்யாணத்தில் பெண் அவருடைய பழைய சூப்பர்வைசரின் மகள். அது எனக்குத் தெரியாது. தலை குனிந்தே வரைந்துகொண்டிருந்தேன். எதிர் நாற்காலி காலியானது, இன்னொருவர் வந்து உட்காரப் போகிற நிழல் தெரிந்தது.

“உக்காருங்க சார்” என்றேன்.

“சார்ராமே!” என்று சிரிப்பு கேட்டது. நிமிர்ந்தால் நைனா. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் படத்துக்கான டோக்கன். பின்னால் நின்ற ஒருவரிடம் திரும்பி, “மா அம்மாயிதான், எம் பொண்ணு” என்று பெருமையாகச் சொன்னார்.

எனக்கு மேசைக்கடியில் போய்விடலாம் போலிருந்தது. இறகுப் பட்டையைக் கழற்றப் போனேன். “க்யூ, மேடம், க்யூ” என்று ஏற்பாட்டாளர் பின்னாலிருந்து அவசரப்படுத்தினார். நைனாவைச் சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் மனதில் இல்லை. வரைந்து கொடுத்தேன்.

அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை. அட்டையைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக நின்றது. இன்னொரு கை எழுந்து வாயின் ஓரத்தைத் தொட்டது.

“நல்லா கீதும்மா. முன்ன மாதிரியே கீது.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வாயை நான் நேராக வரைந்திருந்தேன். ஏதாவது சொல்வதற்குள் அடுத்த ஆள் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு நைனா கோயிலில் பின்வரிசைக்குப் போய்விட்டார். பாடும்போது கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

“இன்னாத்துக்கு அங்க போய் நின்னுக்கினு இருந்தீங்க?” என்று அம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

“அங்கதான் காத்து வருது” என்றார்.

வீட்டிலும் நான் நிமிர்ந்து பார்த்தால் அவர் கை வாய்க்குப் போனது. சாப்பிடும்போது எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். சில வாரங்கள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு தாங்கவில்லை.

“நைனா, அன்னைக்கி நான் வேணும்னு அப்புடிப் போடலை. கை பழகிப்போச்சி.”

“தெரியும்மா. எல்லாருக்கும் குடுக்கிறதத்தானே எனக்கும் குடுத்த. நானும் க்யூல வந்த ஆளுதானே.”

கோபத்தில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். என் தொழிலை நன்றாகப் புரிந்துகொண்டவர்போல, சமாதானமாகச் சொன்னார்.

“இப்ப ஒருதரம் உக்காரு, நைனா” என்றேன். வெகுநேரம் வேண்டாமென்றார். கடைசியில் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்து, மடியில் வேர்க்கடலையை வைத்து உரிக்க ஆரம்பித்தார். பழைய கரித்துண்டைத் தேடி எடுத்தேன். கண், மூக்கு எல்லாம் வந்தன. வாய்க்கு வந்ததும் கை மறுபடி நேர்கோடு போட்டது. அழித்தேன். மறுபடி அதே கோடு. சாயங்காலம் வெளிச்சம் மங்குவதற்குள் ஒருவாறு சரியாக வந்தது. மேலுதடு எங்கே இழுக்கிறது, அந்தக் கன்னம் எப்படிச் சரிகிறது என்பதெல்லாம். பஸ் ஸ்டாண்டுக்குப் பிறகு நான் வரைந்த நல்ல படம் அதுதான். எனக்குள் ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது.

நைனா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இவ்ளோ கோணலாவா கீது?”

படத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

“ஷேவ் பண்றப்போ இவ்ளோ தெரியலையே. இவ்ளோவா?”

“ஆமா, நைனா.”

பொய்ப் படம் கொடுத்து அவர் வாயை மறைத்துக்கொள்ளும்படி செய்தேன். இப்போது உண்மையைக் கொடுத்துவிட்டு உள்ளுக்குள் என் கையை மெச்சிக்கொண்டு நிற்கிறேன். எது பெரிய வெட்கம் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். “மீசைய நல்லா போட்டுக்கிற” என்றார். உரித்த கடலையில் கொஞ்சம் என் கையில் கொட்டினார். “துன்னு. மத்தியானத்துலர்ந்து ஒண்ணும் துன்னல நீ.”

இப்போதெல்லாம் வீட்டில் என் முன்னால் அவர் வாயை மூடிக்கொள்வதில்லை. கோயிலில் இன்னும் பின்வரிசைதான், இன்னும் கைக்குட்டைதான். நானும் கல்யாணங்களுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். உட்காருகிறவர்களிடம், “இருக்கிற மாதிரியே போடட்டுமா?” என்று முதலில் கேட்கிறேன். அநேகமாக எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டி வேண்டாமென்கிறார்கள்.