ஸ்கேனில் தெரிந்த வெள்ளைப் புள்ளி

சி.டி. ஸ்கேன் மெஷின் ரிப்பேர் பார்ப்பது என் வேலை. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டமும் என் பொறுப்பு. அன்றைக்கு அரியலூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனது ரிப்பேருக்காக அல்ல. திருமானூரில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சிக்கு ஒரு மாதமாக விடாத தலைவலி. அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

டெக்னீஷியன் பெண்ணுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். தலையின் நட்டநடுவில் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்த படத்திலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

"டாக்டருக்கு அனுப்பிடறேன் சார்" என்றாள் அந்தப் பெண், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

தங்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவள் ஒன்றாம் வகுப்பு.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் புத்தி வேலை செய்தது. எக்ஸ்ரே உடம்பைத் தாண்டி வந்து சென்சாரில் விழும்போது உண்டாகும் மின்சாரம், கையில் பட்டால்கூடத் தெரியாத அளவு சொற்பம். அதை அளந்து எண்ணாக மாற்றுவது சிப்புகள். ஒரு சிப்புக்குள் எத்தனையோ சேனல்கள், அதாவது அளக்கும் தடங்கள். சென்சார் தலையைச் சுற்றி வருவதால், ஒன்று தப்பாக அளந்தால் படத்தில் வட்டம் விழும். நடு சேனல் என்றால் அந்த வட்டம் சுருங்கிப் புள்ளியாகிவிடும்.

சிப்பு கெட்டிருக்கட்டும் சாமி என்று வேண்டிக்கொண்டேன்.

மெஷினைச் சோதிக்கத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் உருளை ஒன்று உண்டு. அதைத் தூக்கி, தலை வைக்கும் இடத்தில் வைத்தேன்.

"காலையில இத வெச்சுப் பாத்தீங்களாம்மா?"

"ரெண்டு நாளா கூட்டம் சார். பாக்கல."

தங்கச்சி கதவோரம் வந்து நின்றாள். "என்னண்ணே, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? எனக்கு ஏதாச்சுமா?"

"மெஷின்ல ஒரு வேலை. நீ போய் உக்காரு."

தண்ணீரின் படம் வந்தது. நடுவில் அதே புள்ளி. தண்ணீருக்குள் கட்டி ஏது? கோளாறு மெஷினில்தான்.

அந்த நிம்மதி ஒரு நிமிடம்கூட நிலைக்கவில்லை. ரெண்டு நாளா பார்க்கவில்லை என்றாளே! பழைய படங்களைத் திறக்கச் சொன்னேன். முந்தின நாள் வந்த தா.பழூர் அம்மா ஒருவருக்கும் அதே இடத்தில் புள்ளி. கட்டியாக இருக்கலாம், திருச்சிக்குப் போங்க என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

போன் போட்டேன். மகன் எடுத்தார். "இப்பதாங்க திருச்சி பஸ் ஏறினோம்."

"இறங்கிடுங்க. மெஷின்லதான் கோளாறு. நாளைக்கு மறுபடி எடுத்துப் பாத்துடலாம்."

சொல்லிவிட்டேனே தவிர, அந்த அம்மாவுக்கு நிஜமாகவே கட்டி இருந்துவிட்டால்? அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் காலை சென்னையிலிருந்து சிப்புகள் பதித்த புது போர்டு வந்தது. மாட்டி, தண்ணீர் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு பேரையும் மறுபடி படம் எடுத்தோம். இருவருக்கும் புள்ளி இல்லை. டாக்டரும் பார்த்துச் சொல்லிவிட்டார். தங்கச்சிக்குக் கண்ணாடி போட்டதும் தலைவலி நின்றது.

அந்த அம்மா திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டு நாளா சோறு எறங்கலய்யா. இனி பொழைக்க மாட்டேன்னு காதுத் தோட்டக் கழட்டி மருமவகிட்ட குடுத்துட்டேன்."

"வூட்டுக்குப் போய் சாப்பிடுங்கம்மா" என்றேன்.