மூன்று பொட்டு வைத்த ரிவால்வர்

எங்கள் கராஜில் பழைய சூட்கேஸ்களுக்குப் பின்னால் ஒரு கார் சீட் கிடக்கிறது, கைக்குழந்தைகளை உட்கார வைப்பது. துணி சாயம் போய்விட்டது. தலை சாயும் இடத்துக்கு மேலே வரிசையாக மூன்று குங்குமக் கறைகள். எத்தனையோ தடவை துவைத்தாயிற்று, போகவில்லை. போகாததில் எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். போன மாதம், பழைய சாமான்களை வாசலில் வைத்து விற்கும் கராஜ் சேலுக்காக என் மகள் அதை இழுத்து வெளியே போட்டபோது, எனக்கு அந்த ரிவால்வர் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் அமெரிக்காவுக்கு, டெக்சாஸில் இருக்கும் இர்விங்குக்குக் கல்யாணமாகி வந்தேன். என் விசாவில் வேலைக்குப் போகக் கூடாது. எங்கள் அபார்ட்மெண்டுக்கு எதிரே கேஸ் ஸ்டேஷனும், அதாவது பெட்ரோல் பங்கும், கடையும் நடத்தியவர் நாமக்கல் பக்கத்துக்காரர். எனக்கு அவர் அங்கிள், அவருக்கு நான் அம்மிணி. நான் வருவதற்குப் பல வருஷம் முன்பு, பட்டப்பகலில் ஒருவன் கடைக்குள் வந்து, கல்லாவில் இருந்த அவர் மனைவி, எனக்கு ஆன்ட்டி, அவர் நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டி, கல்லாவைத் துடைத்துக்கொண்டு போயிருந்தான். ஆன்ட்டி கொஞ்ச நாளில் தேறிவிட்டார். அங்கிள் தேறவில்லை. அடுத்த வாரமே ஒரு ரிவால்வர் வாங்கினார். கடைக்குப் போனால் அதுவும் போகும், வீட்டுக்கு வந்தால் அதுவும் வரும்.

நான் வந்த சமயத்தில் அவர் மகள் ஆஸ்டினில் ஆறு மாதக் கர்ப்பம். “நோ கன், அப்பா. அது இருக்கற வீட்டுக்கு என் பேபி வராது” என்று போனில் முடிவாகச் சொல்லிவிட்டாள். ஆன்ட்டி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அங்கிளும் விற்கச் சம்மதித்தார், ஒரே ஒரு நிபந்தனையோடு: நியாயமான விலை கிடைக்க வேண்டும். “சல்லிசாக் குடுத்தா கண்டவன் கைக்குப் போயிரும் அம்மிணி. வெல குடுத்து வாங்கறவன்தான் பத்திரமா வெச்சிருப்பான்.” கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தது! நானும் நம்பினேன்.

விலை கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது, எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருந்ததே காரணம். மோடம் கீச்கீச்சென்று கத்தி இன்டர்நெட் வரும். ஆபீஸிலிருந்து கூப்பிட்டால் எந்நேரமும் போன் பிஸியாகவே இருக்கிறது என்று என் கணவர் எரிந்து விழுவார். ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். இரும்பின் கருநீலப் பூச்சு எவ்வளவு மிச்சம் இருக்கிறது, குண்டு போடும் உருளை ஆடுகிறதா, வாங்கிய பெட்டி இருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள். துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத நான், இருநூற்றெழுபது டாலர் என்று பிரிண்ட்அவுட் எடுத்து நீட்டினேன். “நீயே கண்டுபிடிச்சே, நீயே வந்து பேசு” என்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

துப்பாக்கிக் கடைக்காரர் நரைத்த மீசைக்காரர். ரிவால்வரை விளக்கடியில் பிடித்து மெதுவாகத் திருப்பினார். உருளை கல் மாதிரி நின்றது, குழலுக்குள் பளபளப்பு. என் கணக்கு சரிதான் என்று நான் மிதப்பாக நின்றிருந்தபோது அவர் கட்டை விரல் ஓரிடத்தில் நின்றது. குழலின் பக்கவாட்டில் மூன்று புள்ளிகள், வரிசையாக, துருவேறிக் குழிந்திருந்தன. இதென்ன என்று கேட்டார்.

எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஐயோ, ஆயுத பூஜை! வருஷா வருஷம் கல்லா, காபி மெஷின், கார் சாவியோடு இதையும் பலகையில் வைத்து, ஈரச் சந்தனமும் குங்குமமும் அதே இடத்தில் அப்பி, மறுநாள்தான் துடைத்திருக்கிறார். மழையில் நனைந்தது என்று சொல்லிவிடுங்கள் என்று காதைக் கடித்தேன். அவரா கேட்பார்? பூஜையைப் பற்றி முழுக்க விளக்கி, அன்றைக்கு ஆயுதத்துக்கு ஓய்வு என்று முடித்தார். கடைக்காரர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். இதைப் பார்த்தால் வருஷம் பூராவும் ஓய்வுதான் போலிருக்கிறதே, ஒரு தடவையாவது சுட்டிருக்கிறீர்களா என்றார். அங்கிள் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்றார். கடைக்காரர், பொட்டுகளுக்குக் கொஞ்சமும் தன் லாபத்துக்குக் கொஞ்சமும் கழித்துக்கொண்டு, நூற்றெண்பது என்று ஒரு சீட்டில் எழுதினார்.

“கட்டாது. வா அம்மிணி, போலாம்” என்று அங்கிள் ரிவால்வரைப் பெட்டியில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று வெளியே வந்துவிட்டார். வண்டியில் உட்கார்ந்த அவர் முகத்தைப் பார்த்தேன். விலை கட்டாதவன் முகமா அது? தப்பித்தவன் முகம். எனக்கு வந்ததே கோபம்!

“அங்கிள், கடை நடத்தறவருக்கு லாபம் வச்சு விக்கறதுன்னா என்னன்னு நான் சொல்லணுமா? விலை சரியாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் பயமா இருக்கு” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. “இது இல்லாம நாளைக்கு எப்படி அம்மிணி கடையத் தொறப்பேன்?” என்றார். அவ்வளவு பெரிய மனிதர் அப்படிக் கேட்டதும் என் கோபமெல்லாம் கரைந்து கண்ணில் நீர் முட்டியது. “காலைல நான் வரேன் அங்கிள். சேர்ந்து தொறக்கலாம்” என்றேன். அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு, தனியாகத் திரும்பவும் துப்பாக்கிக் கடைக்குள் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

மறுநாள் காலையில் போய் நின்றேன். அடுத்த நாளும் போனேன். இரண்டு வாரம் கழித்து, “நீ தூங்கு அம்மிணி, நான் பாத்துக்கறேன்” என்றார்.

அந்த நூற்றெண்பதில் ஒரு கார் சீட் வாங்கினார். அக்டோபரில் ஆயுத பூஜைக்குப் போனேன். ரிவால்வர் வைக்கும் இடத்தில் கார் சீட் இருந்தது, மூன்று பொட்டோடு. ஆன்ட்டியின் மடியில் பேத்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். துணி கறையாகும் என்று மகள் கத்தினாள், அங்கிள் காதில் விழவே இல்லை. பேத்தி வளர்ந்த பிறகு அது எங்கள் வீட்டுக்கு வந்தது. என் மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் கொண்டுவந்தோம்.

அந்த மகள்தான் இப்போது விலைச் சீட்டும் பேனாவுமாக நின்றாள். “அம்மா, ஹவ் மச்? கறை வேற இருக்கு.” நான் அந்த மூன்று கறைகளையும் விரலால் தடவினேன். அவள் கார் சீட்டைக் கவிழ்த்து அடியில் அச்சிட்டிருந்த காலாவதித் தேதியைப் படித்தாள். “ஓ, இட்ஸ் எக்ஸ்பயர்ட். இதை விக்கவே கூடாது, அம்மா.”

அப்பாடா என்றேன். கார் சீட்டை அவளிடமிருந்து வாங்கி, சூட்கேஸ்களுக்குப் பின்னால் பழைய இடத்திலேயே வைத்தேன்.